பங்குனி உத்திர நடை: பையில் என்ன வைக்கலாம்

எல்லோருக்கும் வணக்கம். குன்றக்குடியில் கும்பிட்டுவிட்டுப் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புகிறோம், ஆனால் தைப்பூசத்துக்குக் கட்டிய அதே மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தையில் பனிதான் தொந்தரவு, பங்குனியில் பத்து மணிக்கே தார் சுடும், சாயங்காலம் சிங்கம்புணரி, நத்தம் பக்கம் திடீரென்று இடி இடித்துக் கோடைமழை கொட்டினாலும் கொட்டும்.

கனத்த போர்வை வேண்டாம், பருத்தித் துண்டு இரண்டு போதும், ஒன்று தலைக்கு. வேட்டி புதுசாக இருந்தால் கஞ்சி போக இரண்டு தடவை அலசிவிடுங்கள், மொடமொடப்பு தொடையை உரசி உரசிப் புண்ணாக்கிவிடும், அப்புறம் நடையே கெட்டுப்போகும். ஒரு சின்ன டப்பாவில் தேங்காய் எண்ணெய், கிளம்புமுன் தொடை இடுக்கில் தடவிக்கொள்ள. மாற்றுத்துணி, போன், மாத்திரை மூன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் கவரில் கட்டுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதி பாதியாகப் போடக் கூடாது.

ஆச்சிமார் மருந்துச் சீட்டையும் சேர்த்து எடுத்து வாருங்கள். சுகர் உள்ளவர்கள் வெறுங்காலில் நடப்பது பற்றி டாக்டரிடம் கேட்காமல் தயவுசெய்து கிளம்பாதீர்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். விடிவதற்கு முன்பே நடப்போம், அதனால் டார்ச்சும் பையின் பின்பக்கம் மினுங்கும் ஸ்டிக்கரும் கட்டாயம். பாய், தலையணை வண்டியில் வரும், பெயர் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.