வரைபடத்தை நம்பிப் புதைக்காதீர்கள்: ஐந்து நாடாளுமன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

பின்லாந்து, எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா, போலந்து ஆகிய நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையை விட்டு விலக 2025இல் முடிவெடுத்தீர்கள். 2022இல் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் பெருமெடுப்பில் புகுந்த பிறகு உங்கள் எல்லையோர மக்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அந்த அச்சத்தை நாங்கள் குறைத்துப் பேச வரவில்லை. இலங்கையின் வடக்கில் மிதிவெடி அகற்றும் வேலை தெரிந்தவர்கள் நாங்கள். பொறுப்போடு பயன்படுத்துவோம், புதைத்த இடத்தைப் பதிவுசெய்வோம், போர் முடிந்ததும் எடுத்துவிடுவோம் என்ற உறுதி மண்ணுக்குள் போனதும் என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்கிறோம்.

முதலில் பதிவு. வெடி புதைத்த நிலத்தின் வரைபடம் எப்போதும் ஓர் அடையாளத்திலிருந்தே அளக்கப்படும். காவலரணின் மூலை, மைல்கல், தனித்து நிற்கும் ஒரு பனை, ஏதோ ஒன்று. அங்கிருந்து இன்ன திசையில் இத்தனை மீற்றரில் முதல் வரிசை, வெடிக்கு வெடி இத்தனை இடைவெளி என்று குறித்துக்கொள்வார்கள். எறிகணை விழும்போது அந்த அடையாளம்தான் முதலில் போகும். குறித்தவரும் பல வேளைகளில் உயிரோடு இருப்பதில்லை. இன்று செய்மதி இடங்காட்டி இருக்கிறது என்பீர்கள். பால்டிக் வானில் அதன் சமிக்ஞையைக் குழப்புகிறார்கள் என்று முறையிடுபவர்களும் நீங்களே. பின்வாங்கும் படை இருட்டில், அவசரத்தில் புதைக்கும் வெடிக்கு எந்தக் கருவியும் துல்லியம் தராது.

எங்கள் வடக்கிலுள்ள முகமாலையைப் பாருங்கள். 2000இல் ஆனையிறவு இராணுவத் தளம் புலிகளிடம் வீழ்ந்ததை அடுத்த சமர்களில் உருவான கிளாலி, முகமாலை, நாகர்கோவில் முன்னரங்கு 2009 ஜனவரி வரை அங்கேயே கிடந்தது. மண் அணை சற்று முன்னே நகர்ந்தால் அதற்கு முன்னால் புதிய வரிசை புதைக்கப்பட்டது. பழையதை எவரும் எடுக்கவில்லை. அணை எழுப்ப மண் வாரிய புல்டோசர் பழைய வெடிகளையும் சேர்த்து அணைக்குள்ளேயே தள்ளியது. இராணுவம் புதைத்த பாகிஸ்தான் தயாரிப்பு பி4, சீனத் தயாரிப்பு வகை 72, புலிகள் தாமே செய்த ஜொனி 95, ரங்கன் 99 எல்லாம் ஒரே பற்றைக்குள் கிடந்தன. ஒரு தரப்பின் வரைபடம் முழுச் சரியாக இருந்தாலும் மற்றத் தரப்பின் வெடி அதில் இராது.

ஒழுங்கான வரிசையிலும் சிக்கல் உண்டு. இரண்டு வெடிகள் கிடைத்தால் மூன்றாவது எங்கே என்று இடைவெளியை வைத்துச் சொல்லலாம். அந்த இடத்தில் அது இல்லையென்றால்தான் வேலை கடினமாகிறது. மாடு மிதித்து வெடித்திருக்கலாம்; வெள்ளம் இழுத்திருக்கலாம்; யாராவது கிளப்பி வேறிடத்தில் புதைத்திருக்கலாம். வெடித்த குழியோ பிளாஸ்டிக் சிதறலோ கிடைத்தால் கணக்குத் தீர்ந்தது. கிடைக்காவிட்டால் சுற்றிலும் நிலத்தை அகலப்படுத்தித் தேடிக்கொண்டே போகவேண்டும். காணாமற்போன ஒரு வெடிக்காக, வெடியே இல்லாத பெரும்பரப்பு தோண்டப்படுகிறது. செலவு ஏறுவது இப்படித்தான். ஒரு மிதிவெடியின் விலை 3 டொலரிலிருந்து தொடங்குகிறது, அகற்ற 300 முதல் 1000 டொலர் ஆகிறது என்று 1990களில் ஐ.நா. சொன்ன கணக்கு எங்களுக்கு வியப்பளிக்கவில்லை.

உலோகங்காட்டியை மட்டும் நம்பவும் முடியாது. பி4, வகை 72 இரண்டும் பிளாஸ்டிக் உடல் கொண்டவை. உள்ளே இருக்கும் உலோகம் மிகச் சொற்பம். அந்தச் சொற்பம் கேட்கும் அளவுக்குக் கருவியைக் கூர்மையாக்கினால், முன்னரங்கு மண்ணில் நிறைந்திருக்கும் எறிகணைச் சிதறல், ரவைக் கோது, முள்கம்பித் துண்டு எல்லாம் ஒலிக்கும். ஒலிக்கும் ஒவ்வோர் இடத்தையும் வெடி என்றே கருதித் தோண்டவேண்டும். அதனால்தான் யாழ்ப்பாணத்து மணலில் வாரி முறை வளர்ந்தது. நீண்ட பிடி போட்ட கனத்த வாரியால் மண்ணைத் தளர்த்தி, வளையும் பற்கள் கொண்ட மெல்லிய வாரியால் வழித்தெடுக்கிறார்கள். வெடியின் தலையில் அழுத்தம் விழாதபடி பக்கவாட்டிலிருந்து, கவச அங்கியும் முகக்கவசமும் அணிந்து, குறிக்கப்பட்ட பாதைக்குள் நின்று, குறித்த ஆழம் வரை நிலம் முழுவதையும் வாருகிறார்கள். ஒருவர் ஒரு நாளில் முடிப்பது சில சதுர மீற்றர், மிஞ்சினால் சில பத்து. இந்த முறைக்கு மணல் வேண்டும். உங்கள் எல்லைகளில் இருப்பது சதுப்பும் வேர் அடர்ந்த காட்டு மண்ணும். அங்கே வாரி ஓடாது. குளிர்காலத்தில் உறைந்த நிலத்தில் எந்த வேலையும் ஓடாது.

உறையும் மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு: உறைந்து இளகும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் பொருளை மேலே தள்ளும், சாய்க்கும். சாய்ந்த வெடி வரைபடத்தில் இருந்தபடி இராது. கொரியாவில் மழைக்கால வெள்ளம் மரப்பெட்டி வெடிகளை வடக்கிலிருந்து தெற்கே மிதக்கவிட்டிருக்கிறது. போக்லாந்துத் தீவுகளில் 1982இல் நடந்த போர் 74 நாளில் முடிந்தது. அர்ஜென்டினப் படை புதைத்த ஏறத்தாழ 30,000 வெடிகளில் கடைசி வெடியை அகற்ற 2020 நவம்பர் ஆனது. அது மக்கள் தொகை குறைந்த தீவு, பணமுள்ள நாடு, ஒரே தரப்பின் வெடிகள். அப்படியிருந்தும் 38 ஆண்டுகள் பிடித்தன; மணல்மேடுகள் நகர்ந்து வெடிகளைப் புதைத்துக்கொண்டதும் வேலையைக் கடினமாக்கியது.

தானே செயலிழக்கும் நவீன வெடி என்ற பதில் வரும். நீங்கள் இன்னமும் கட்டுப்பட்டிருக்கும், சில மரபுவழி ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் ஐ.நா. உடன்படிக்கையின் 1996ஆம் ஆண்டுத் திருத்திய இரண்டாம் நெறிமுறையையே எடுத்துக்கொள்வோம். அதன்படி, தொலைவிலிருந்து வீசப்படும் மிதிவெடிகளில் 100க்கு 10 வரை 30 நாளில் தம்மைத் தாமே அழிக்காமல் கிடக்கலாம். 120 நாளுக்குப் பின் 1000க்கு ஒன்று வரை உயிரோடு இருக்கலாம். ஒரு லட்சம் வெடி வீசினால் சட்டப்படியே 10,000 நிலத்தில் கிடக்கும், 100 வெடிக்கும் நிலையில் இருக்கும். எந்த 100 என்று எவருக்கும் தெரியாது. அகற்றுபவருக்கு 10,000மும் உயிருள்ளவைதான்.

இதெல்லாம் உங்கள் முன்னோர் அறியாததல்ல. 1944-45இல் லாப்லாந்தை விட்டு ஓடிய ஜெர்மன் படை சாலையோரமெல்லாம் புதைத்ததைப் பின்லாந்து பல ஆண்டுகள் தோண்டியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் போலந்தின் படைப்பொறியாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளை அகற்றினார்கள், நூற்றுக்கணக்கானோர் அதில் இறந்தார்கள். இதே இரு நாடுகளும் 2012இல் உடன்படிக்கையில் இணைந்து, தலா பத்து லட்சத்துக்கு மேல் கையிருப்பு மிதிவெடிகளை அழித்தன. பெருமைக்குரிய அந்த வேலையை இப்போது தலைகீழாக்குகிறீர்கள். 1940க்குப் பிந்திய 26 போர்களை ஆராய்ந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 1996இல் வெளியிட்ட அறிக்கை, மிதிவெடி ஒரு போரின் முடிவைத் தீர்மானித்ததற்குச் சான்று காணவில்லை. அதை ஏற்றுக் கையெழுத்திட்டவர்களில் பதவியிலிருந்த, ஓய்வுபெற்ற படை அதிகாரிகள் பலர்.

எங்கள் கோரிக்கைகள் இவை. விலகல் சட்டப்படி நடந்துவிட்டாலும் புதைக்கும் உத்தரவைக் கொடுக்காதீர்கள். தடுப்பரண், அகழி, போர்த்தாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடி ஆகியவற்றை ஒட்டாவா உடன்படிக்கை உங்களுக்கு என்றுமே தடுத்ததில்லை. கையிருப்பு, தயாரிப்பு பற்றிய ஆண்டறிக்கையை உடன்படிக்கைக்கு உள்ளே இருந்தபோது கொடுத்ததுபோலவே தொடர்ந்து வெளியிடுங்கள். உலோகங்காட்டியில் 8 கிராம் இரும்புக்கு ஈடான சமிக்ஞை தராத வெடி எதையும் வாங்காதீர்கள், செய்யாதீர்கள்; நெறிமுறை சொல்லும் அந்த அளவுதான் நாளை தேடப்போகிறவரின் உயிர். புதைத்தே தீர்வதென்றால், அதே நாளில் பதிவின் கடதாசிப் பிரதி ஒன்று எல்லைக்கு வெகுதொலைவில், படையிடம் இல்லாமல், சிவில் நிர்வாகத்திடம் போகவேண்டும்.

இன்னொன்று. இலங்கை 2017 டிசம்பரில் உடன்படிக்கையில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்க அதற்கு விதிக்கப்பட்ட கெடு 2028 யூன் 1. இங்கும் கம்போடியாவிலும் அங்கோலாவிலும் பழைய போர்களின் வெடிகளை எடுக்கும் வேலை பெருமளவு வெளிநாட்டு நிதியில்தான் ஓடுகிறது. பாதுகாப்புச் செலவை உயர்த்தும்போது முதலில் வெட்டப்படுவது இந்த நிதி. உங்கள் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அந்த ஒதுக்கீட்டை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மிதிவெடி அகற்றும் பணி அறிந்தோர்