பிக்கெட்டின் கையும் என் நோட்டும்

பிட்ஸ்பர்க்
22 ஜூன் 2025

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ கேட்டிருந்த ஒரு கேள்விக்கு, அமெரிக்கக் கால்பந்து பற்றி நான் கணிப்பு எழுதிவைக்கும் பழைய நோட்டைப் பார்க்க வேண்டியிருந்தது, அது நிலவறையில் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். ரேவதிக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவளுக்கு பிட் பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைத்துவிட்டது, ஆகஸ்டில் விடுதிக்குப் போகிறாள். வீட்டிலிருந்து இருபது நிமிஷம், இதற்கு எதற்கு விடுதி என்று கேட்டேன். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது.

முதலில் உன் மாமனாருக்குப் பதில். 'டிராஃப்ட் என்றால் ஐபிஎல் ஏலம் மாதிரியா' என்று கேட்டாராம். ஏலமே இல்லை, கல்லூரியில் ஆடிய பையன்களை என்எஃப்எல் என்ற தொழில்முறைக் கால்பந்து லீக்கின் அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்வது என்று சொல்லு. பணத்தைக் காட்டி யாரும் கை தூக்குவதில்லை. 32 அணிகள், ஏழு சுற்று. போன சீசனில் எல்லோரையும் விட மோசமாக ஆடியவர்களுக்கு முதல் வாய்ப்பு, கோப்பையை ஜெயித்தவர்கள் சுற்றின் கடைசியில். இந்த ஊருக்குப் போகிறேன், அந்த ஊருக்குப் போகிறேன் என்று பையன் தேர்ந்தெடுக்க முடியாது. எந்த அணி அவன் பெயரைச் சொல்கிறதோ அங்கேதான். 1936-ல் நடந்த முதல் டிராஃப்டில் முதலாவதாகக் கூப்பிடப்பட்ட ஜே பெர்வாங்கர் ஒரு ஆட்டம்கூடத் தொழில்முறையில் ஆடவில்லை என்பதையும் சொல்லு. மணப்பாறைச் சந்தையில் அத்தனை வருஷம் மாடு பார்த்தவருக்கு அது பிடிக்கும்.

'பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா, சுழி பார்ப்பார்களா' என்று அவர் கேட்டதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். டிராஃப்டுக்கு முன்னால் பையன்களைச் சோதித்துப் பார்க்க இண்டியானாபொலிஸில் வருஷா வருஷம் நடக்கும் காம்பைனை நினைத்துக்கொண்டேன். அரைக்கால் சட்டையோடு நிறுத்தி உயரம், எடை பார்க்கிறார்கள். 40 யார்டு ஓடவிட்டு நொடியின் நூறில் ஒரு பங்குவரை கணக்கு வைக்கிறார்கள். 102 கிலோவை எத்தனை தடவை தூக்குகிறான் என்று எண்ணுகிறார்கள். கையை விரிக்கச் சொல்லி, கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனிவரை அளக்கிறார்கள். சுழிதான் பாக்கி. ரேவதி ஒருமுறை இதை டிவியில் பார்த்துவிட்டு, "மனுஷங்களைப் போய் இப்படியா நிறுத்துவாங்க?" என்றாள். நிற்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். என்எஃப்எல் நிர்வாகத்திலேயே பெரிய பொறுப்பில் இருக்கும் டிராய் வின்சென்ட், தானும் ஆடியவர், இதை அடிமை ஏலத்தோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார். அன்றைக்கு நான் டிவியை அணைத்துவிட்டேன். அடுத்த வருஷம் மறுபடி பார்த்தேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

'பிக்கெட் இப்போது எங்கள் கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்கு வந்துவிட்டானே, 2022-ல் நீ அவனைப் பற்றி என்ன எழுதினாய், கை சின்னது என்றுதானே?' என்று கேட்டிருந்தாய். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குக் கை அளவு பெரிய விஷயமாயிற்றே, ஆமாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். போன வருஷம் மார்ச்சில் எங்கள் ஊர் அணியான ஸ்டீலர்ஸ் அவனை ஃபிலடெல்ஃபியாவுக்குத் தள்ளிவிட்டபோது உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல, எட்டரை அங்குலக் கை, தேறாதுன்னு" என்று ஒரு மணி நேரம் அளந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? இருந்தாலும் எதற்கும் நோட்டைப் பார்த்து அப்படியே எடுத்து எழுதலாமென்று தேடினேன்.

நோட்டில் என் கையெழுத்தில் இருப்பது இதுதான், ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன்: "1. கென்னி பிக்கெட். கை 8.5 அங்குலமாம். போகட்டும், மழையிலும் பனியிலும் இதே மைதானத்தில்தானே வீசினான். 20-வது இடத்தில் கிடைத்தால் பென் ஹில்ஸ் பெருமாளுக்கு அர்ச்சனை."

ஸ்டீலர்ஸ் அதே இடத்தில் அவனை எடுத்தார்கள், அர்ச்சனையும் செய்தேன். ரேவதிக்கு நினைவிருக்கிறது.

முரளி, நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் எனக்கே உண்மையாக மாறிப்போயிருந்தது. பிக்கெட் சரியாக ஆடாத ஒவ்வொரு ஞாயிறும் நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்சி மாறியிருக்கிறேன், கடைசியில் ஆரம்பத்திலிருந்தே அந்தப் பக்கம் இருந்ததாக நம்பிவிட்டேன். 2004-ல் கிளீவ்லாந்து அறையில் நாம் இந்த விளையாட்டைத் தொடங்கியதே இதற்காகத்தானே? ஏப்ரலில் ஆளுக்குப் பத்துப் பெயர் எழுத வேண்டும், முதல் சுற்று முடியும்வரை காட்டக் கூடாது, பிறகு அழிக்கக் கூடாது. அழிக்கத் தேவையே இல்லை போலிருக்கிறது. நோட்டு பெட்டிக்குள் இருந்தால் போதும், மற்றதை மண்டை பார்த்துக்கொள்ளும்.

அந்த முதல் வருஷம் நீ குவார்ட்டர்பேக் ராத்லிஸ்பெர்கர் பெயரை எழுதினாய். பிறந்தது ஒஹையோ, படித்தது ஒஹையோவின் மயாமி பல்கலைக்கழகம். உன் பிரவுன்ஸ் 6-வது இடத்தில் கெல்லன் வின்ஸ்லோவை எடுத்தார்கள், 11-ல் பிட்ஸ்பர்க் அவனை அள்ளிக்கொண்டு போனது. அவனோடு இரண்டு சூப்பர் பௌல் கோப்பை ஜெயித்தார்கள். அது உன் நோட்டில் நிஜமாகவே இருந்தது, நான் சாட்சி. இருபது வருஷம் நீ அதைச் சொல்லிச் சொல்லிக் கழுத்தறுத்ததை இன்றைக்கு மன்னிக்கிறேன்.

பிக்கெட் விஷயத்தில் என்னை உறுத்துவது நான் தோற்றது இல்லை. மற்ற ஊர்க்காரர்கள் துண்டு வீடியோ பார்த்துச் சொன்னார்கள். நான் அவனை நேரில் பார்த்தவன். பிட்டும் ஸ்டீலர்ஸும் ஒரே மைதானத்தில் ஆடுவதால் அவனுடைய ஐந்து சீசனிலும் எனக்கு டிக்கெட் கிடைத்தது. 2021-ல் 42 டச்டவுன் (கோல் மாதிரி) வீசினான், இதே பிட்டில் மரீனோ வைத்திருந்த 37-ஐத் தாண்டி. சார்லட்டில் வேக் ஃபாரஸ்டுக்கு எதிராகச் சறுக்கி ஓட்டத்தை நிறுத்துவது போலப் பாவனை காட்டி 58 யார்டு ஓடினானே, அப்படிச் செய்யக் கூடாதென்று அதற்கப்புறம் விதியே கொண்டுவந்தார்கள். நான் சோபாவிலிருந்து குதித்தேன்.

இப்போது அதே நோட்டில் பழைய பக்கங்களைப் புரட்டினால், 2018-ல் 12 டச்டவுன், 2019-ல் 13, 2020-லும் 13 என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். மூன்று சீசன் 13-ஐத் தாண்டாத பையன் அடுத்ததில் 42-க்குப் போகிறான். அப்போது அவனுக்கு 23 வயது. எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் அவனை விட மூன்று நான்கு வயது சின்னவர்கள். அந்தப் பந்துகளைப் பிடித்தது ஜோர்டன் ஆடிசன், அந்த வருஷம் நாட்டிலேயே சிறந்த ரிசீவருக்கான பரிசு வாங்கியவன். எல்லாம் கண்ணெதிரே இருந்தது. நானோ கை அளவைப் பற்றி ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பிட்ஸ்பர்கில் இரண்டு சீசனில் மொத்தம் 13 டச்டவுன் வீசினான், 13 பந்தை எதிரணியிடம் கொடுத்தான். பாக்கெட்டுக்குள், அதாவது தடுப்பவர்களின் வளையத்துக்குள், நிற்கப் பொறுமையில்லை, அவசரத் தேவை இல்லாதபோதும் ஓரத்துக்கு ஓடினான். கை அளவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆக, நான் அன்றைக்குச் சொன்னதும் தப்பு, பிறகு சொன்னதாக நினைத்துக்கொண்டதும் தப்பு.

இந்த ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1983 டிராஃப்டுக்கு மரீனோ பிட்டில் ஆடிவிட்டுத்தான் வந்தான், உள்ளூர்ப் பையன். ஸ்டீலர்ஸ் 21-வது இடத்தில் அவனை விட்டுவிட்டு கேப் ரிவேரா என்ற டிஃபென்சிவ் டேக்கிளை, தற்காப்பு வரிசை ஆளை, எடுத்தார்கள். மரீனோ 27-ல் மயாமிக்குப் போய் எப்பேர்ப்பட்ட குவார்ட்டர்பேக் ஆனான் என்று உனக்குத் தெரியும். ரிவேரா ஆறே ஆட்டம் ஆடினான், அந்த அக்டோபரில் கார் விபத்தில் கால்கள் செயலற்றுப் போயின. எந்தக் காம்பைனில் எதை அளந்து அதைக் கண்டுபிடிப்பது? ஆனாலும் நாற்பது வருஷமாக இங்கே முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்தால்கூட மரீனோ பேச்சுத்தான். இன்னொரு பிட் பையனை நழுவவிடக் கூடாதென்ற பயம் என் நோட்டிலும் ஏறியிருக்கிறது. நான் பிக்கெட்டைப் பார்க்கும்போது கொஞ்சம் மரீனோவையும் பார்த்திருக்கிறேன். இந்த ஏப்ரலில் அதே 21-வது இடம், குவார்ட்டர்பேக் ஷடூர் சாண்டர்ஸ் கையில் கிடைக்கும் நிலையில் இருக்கிறான், ஸ்டீலர்ஸ் எடுத்ததோ மறுபடி ஒரு டிஃபென்சிவ் டேக்கிள், ஆரிகனின் டெரிக் ஹார்மன். பக்கத்து வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். குவார்ட்டர்பேக்குக்கு இப்போது 41 வயது ஆரன் ராட்ஜர்ஸ் வந்திருக்கிறார். அதைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

சாண்டர்ஸை 144-வது இடம் வரை இறக்கியது சதி என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. டிராஃப்ட் கணிப்பு சொல்லும் கைப்பர் அவனைத்தான் முதல் குவார்ட்டர்பேக்காக வைத்திருந்தார், உண்மைதான். ஆனால் கொலராடோவில் இரண்டு சீசனில் 94 முறை பந்தோடு கீழே விழுந்திருக்கிறான். பாதிப் பழி தடுப்பு வரிசையுடையது, மீதி அவன் பந்தை விடாமல் வைத்துக்கொண்டது. அதற்காக ஐந்தாவது சுற்றா என்றால், இல்லை, அது அதிகம்தான். ஆனால் 94-வது இடத்தில் குவார்ட்டர்பேக் டிலன் கேப்ரியலை எடுத்துவிட்டு மறுநாள் இவனையும் எடுக்க உன் பிரவுன்ஸால்தான் முடியும். ஏற்கெனவே 40 வயது ஃப்ளாக்கோ, நம் பிக்கெட். ஒரே பந்துக்கு நாலு பேர். பிராடி குவின், வீடன், மான்ஸியல் என்று மூன்று குவார்ட்டர்பேக்குகளை மூன்று தனித்தனி வருஷங்களில் அதே 22-வது இடத்தில் எடுத்துத் தொலைத்த அணியாயிற்றே. டிராவிஸ் ஹன்டரை எடுத்திருக்கக்கூடிய 2-வது இடத்தை ஜாக்சன்வில்லுக்கு விற்றதில் உனக்குக் கோபம் என்று தெரியும். எனக்கு அது புத்திசாலித்தனமாகப் படுகிறது, அடுத்த வருஷத்து முதல் சுற்று வாய்ப்பும் கிடைக்கிறதே. இதையும் நோட்டில் எழுதிவிட்டேன், மையால்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். 2022 பக்கத்தில் குவார்ட்டர்பேக் பெயர்களாக நான் ஐந்து எழுதியிருக்கிறேன்: பிக்கெட், வில்லிஸ், ரிடர், கோரல், ஹவல். அந்த வருஷம் எடுக்கப்பட்ட ஒன்பதாவது குவார்ட்டர்பேக், 262-வது இடம், கடைசியிலும் கடைசி, பிராக் பர்டி. அவன் பெயர் எங்கேயும் இல்லை, ஓரத்தில்கூட. அயோவா ஸ்டேட்டில் நாலு வருஷம் ஆடியவன், சனிக்கிழமை தோறும் டிவியில் வந்தவன். அவனை எடுப்பதற்கு 21 இடம் முன்னால் ஸ்டீலர்ஸ் இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள் என்பது வேறு. இரண்டு வருஷத்துக்குள் பர்டி சூப்பர் பௌலில் நின்றான்.

அடுத்த ஏப்ரல் 23 முதல் மூன்று நாள் டிராஃப்ட் இங்கேயே நடக்கிறது, தெரியும்தானே? டெட்ராய்ட்டில் நடந்தபோது மூன்று நாளில் ஏழே முக்கால் லட்சம் பேருக்கு மேல் வந்தார்களாம். இந்த ஊரின் ஜனத்தொகையே மூன்று லட்சம். ஆற்றோரம் நிற்க இடம் இருக்காது, கார் நிறுத்துவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பெரியவளின் அறை காலியாக இருக்கும், நீ வந்து தங்கு. டிக்கெட்டை இப்போதே போட்டால் விலை குறையும். மாமனாரையும் கூட்டி வா, அவர் நடையைப் பார்த்தே சொல்வார்.

பட்டியலை இந்த முறை நான் என் பெட்டியில் வைக்கப்போவதில்லை. எழுதி, உறையில் ஒட்டி, உனக்குத் தபாலில் அனுப்பிவிடுகிறேன், நீ பிரிக்காமல் எடுத்துக்கொண்டு வா. உன்னுடையதை எனக்கு அனுப்பு. அப்புறம், 2022-ல் நீ எழுதிய நோட்டு திருச்சியில் இருக்கிறதா? முதல் பெயர் மாலிக் வில்லிஸ் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் நினைவை வைத்துக்கொண்டு சண்டைக்கு வராதே, நீயே எடுத்துப் பார்த்து எழுது.

உன்,
பாஸ்கர்