பெற்றோருக்கு: டவுனில் நம் பிள்ளைகள் நடக்கும் நடை பற்றி

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன மாதம் டவுனில் மார்க்கெட் இருக்கும் வாரிக் சந்திப்பில் நம் மாணவி ஒருத்தியின் செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். நல்ல வேளை, காயம் எதுவும் இல்லை. ஆனால் அவள் சொன்ன ஒரு வார்த்தை என்னை விடவே மாட்டேன் என்கிறது: "தலையக் குனிஞ்சுக்கிட்டுதான் போனேன் டீச்சர், அப்படியும் என்கிட்டயே வந்தாங்க."

குற்றம் பறித்தவனுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் அந்த 'அப்படியும்' எனக்கு உறுத்துகிறது. 1981இல் வெளியான ஓர் ஆய்வுக்காக கிரேசன், ஸ்டைன் என்ற இருவர் நியூயார்க் தெருவில் நடந்துபோன 60 பேரைப் படம்பிடித்து, தாக்குதல் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இவர்களில் யாரை மடக்குவது சுலபம் என்பதுதான் கேள்வி. கைதிகள் குறித்துக் கொடுத்தவர்களின் நடையை அலசினால், அடியை மிக நீட்டியோ மிகக் குறுக்கியோ வைப்பது, கையும் காலும் உடம்போடு ஒட்டாமல் அசைவது போன்றவை தென்பட்டன.

நம் பிள்ளைகளைப் பாருங்கள். ஒரு தோளில் மட்டும் கனத்த பை, காலில் தொளதொளத்த சிலிப்பர், கண் போனில். வேறெப்படி நடக்கும்?

நம் பங்கும் இதில் உண்டு. குனிந்த தலை நிமிராத பிள்ளை என்று மெச்சியே வளர்க்கிறோம். பாட்டிக்கு முன்னால் அந்த அடக்கம் இருந்துவிட்டுப் போகட்டும், டாக்ஸி ஸ்டாண்டில் வேண்டாம்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் கடைசி அரைமணி நேரம் கூடத்தில் நடைப் பயிற்சி உண்டு. நிமிர்ந்து ஒரே சீராக நடப்பது, பின்னால் காலடி கேட்டால் திரும்பிப் பார்ப்பது, வழி தெரியாவிட்டால் நடுத்தெருவில் போனை எடுக்காமல் ஒரு கடைக்குள் நுழைந்து கேட்பது. முறைக்கச் சொல்லித் தரமாட்டேன், முறைத்தால் வம்புதான் வரும். கறுப்பரைக் கண்டாலே பையை இறுக்கிப் பிடி என்று சொல்லும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. அதுவும் என் வகுப்பில் கிடையாது. மார்க்கெட்டில் கடை போட்டிருக்கும் அம்மாக்களுக்கு ஜூலுவில் "சவுபோனா" என்று வணக்கம் சொல்லிவிட்டுப் போகட்டும். முகம் தெரிந்த பிள்ளை என்றால் நாலு கண் கவனிக்கும்.

கத்தியோ துப்பாக்கியோ காட்டினால் இந்த நடையெல்லாம் உதவாது. கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். கையைச் சட்டென்று பைக்குள் விடக்கூடாது. தப்பி வந்தபின் போலீசுக்கு 10111, செல்போனிலிருந்து என்றால் 112. "புதுப் போனாச்சே, விட்டுட்டு வந்துட்டியே" என்று வீட்டில் தயவுசெய்து யாரும் திட்டாதீர்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே சில பிள்ளைகள் போனை விடாமல் பிடித்து இழுக்கிறார்கள்.

இன்னொன்று. ஜூனில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. டவுனில் டியூஷன் வைத்திருப்பவர்கள் நாலு மணிக்குள் பிள்ளைகள் டாக்ஸி ஏறும்படி நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இருட்டில் யார் நிமிர்ந்து நடந்தால் யாருக்குத் தெரியும்?

பயிற்சிக்கு மூடிய காலணியும், இரண்டு தோளிலும் மாட்டும் பையும் வேண்டும். ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டு வரும் சனிக்கிழமை கொடுத்தனுப்புங்கள். போனைப் பறிகொடுத்த அந்தப் பெண் தானாகவே முதல் வரிசையில் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை