கிளெயோஸ் என்றால் வெறும் புகழா?

அன்பு மகளுக்கு,

பழங்கிரேக்கக் காவியங்களில் வரும் கிளெயோஸ் என்றால் புகழ்தானே, அதற்கு எதற்கு இத்தனை விளக்கம் என்று சென்ற வாரம் கேட்டாய். தொலைபேசியில் சரியாகச் சொல்ல வரவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

'கேட்டல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஒருவனுடைய செயல் பாடகர் வாய்வழியாக, அவனைக் கண்டிராத காதுகளை எட்டுவதே கிளெயோஸ். போரில் கிடைத்த பங்கைக் கொண்டு அளக்கப்படும் மதிப்புக்குத் திமே என்று வேறு சொல் உண்டு. போர்ப்பரிசாகக் கிடைத்த பெண்ணான பிரிசேயிஸைப் படைத்தலைவன் அகமெம்னோன் பறித்துக்கொண்டபோது, மாவீரன் அகில்லீஸ் இழந்தது அதைத்தான்.

டிராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டின் ஒன்பதாம் காண்டத்தை நிதானமாகப் படி. அகமெம்னோன் சமாதானம் பேச அனுப்பிய தூதுவர்கள் வந்து பார்க்கும்போது, சினம் கொண்டு போரை விட்டு விலகியிருக்கும் அகில்லீஸ், கைப்பற்றிய நகரமொன்றில் கிடைத்த யாழை மீட்டி, வீரர்களின் கிளெயோஸைப் பாடிக்கொண்டிருக்கிறான். எதிரே நண்பன் பத்ரோக்ளஸ் அவன் முடிக்கட்டும் என்று பேசாமல் அமர்ந்திருக்கிறான். களத்தில் புகழ் தேட வேண்டியவன் கூடாரத்தில் பிறர் புகழைப் பாடுவதை, ஒரு சொல்கூட விளக்காமல் ஹோமர் கடந்து போவது எனக்கு இன்றும் வியப்புத்தான். சற்று நேரத்தில், தாய் தெத்திஸ் தனக்குச் சொன்ன இரு விதிகளை அவன் எடுத்துரைக்கிறான்: நின்று போரிட்டால் நோஸ்தோஸ், அதாவது வீடு திரும்புதல், இல்லை, ஆனால் அழியாத கிளெயோஸ் உண்டு, ஊர் திரும்பினால் கிளெயோஸ் போய்விடும், ஆயுள் நீளும். (நீ அடிக்கடி சொல்லும் 'நோஸ்டால்ஜியா', அதாவது ஊர் ஏக்கம், பழங்கிரேக்கர் அறியாத சொல், மருத்துவர் யோஹானஸ் ஹோஃபர் 1688இல் தம் மருத்துவ ஆய்வேட்டுக்காக நோஸ்தோஸுடன் வலியைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து உருவாக்கியது.)

டிராய் போர் முடிந்து ஒடிசியஸ் வீடு திரும்பும் கதையான ஒடிஸியின் பதினொன்றாம் காண்டத்தில், இறந்துபோய் மாண்டோர் உலகில் இருக்கும் அதே அகில்லீஸ், மாண்டோர் அனைவருக்கும் அரசனாக இருப்பதைவிட, சொந்த நிலம் இல்லாத ஒருவனிடம் கூலியாளாக இருப்பதே மேல் என்று ஒடிசியஸிடம் சொல்கிறான். பெரும்பாலோர் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, அவன் கிளெயோஸையே வெறுத்துவிட்டான் என்று எழுதுவார்கள். அது அவசரத் தீர்ப்பு என்பேன். அடுத்த மூச்சிலேயே அவன் தன் மகனைப் பற்றிய செய்தி உண்டா என்று கேட்கிறான். அந்த மகன் நியோப்டொலெமஸ் அவையில் பேசிய விதத்தையும், டிராயைப் பிடிக்க வீரர்கள் ஒளிந்திருந்த மரக்குதிரைக்குள் மற்றவர்கள் நடுங்கியபோது அவன் நடுங்காமல் இருந்ததையும் ஒடிசியஸ் சொல்லி முடித்ததும், அகில்லீஸின் ஆவி மகிழ்ச்சியோடு நீண்ட அடிகள் வைத்து அஸ்போடல் மலர்கள் நிறைந்த புல்வெளியில் நடந்து போகிறது.

கிளெயோஸ் பற்றிய உன் கட்டுரையை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா