பஸ் விலக்கோடு சரி

எங்கள் ஊரைக் கணக்கெடுக்கப் போகிற மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம், பரமக்குடிப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து எழுதுகிறேன். ஊர்ப்பெயரை விட்டுவிடுகிறேன், சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரைப் போட்டுப் படித்தாலும் பொருந்தும்.

2011 கணக்கெடுப்பின் கிராம விவரப் பட்டியலை ஒரு நாள் செல்போனில் திறந்து பார்த்தேன். ஆண், பெண், ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், விவசாயக் கூலிகள் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. போக்குவரத்துக்கும் இருக்கிறது: அரசுப் பேருந்து, தனியார் பேருந்து, ஆட்டோ, டிராக்டர், மாட்டு வண்டி வரைக்கும். உண்டா, இல்லையா, அதுதான் கேள்வி. இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள் கிடைக்குமா, 10க்குள்ளா, அதற்கும் மேலா என்று ஓர் எழுத்து. எங்கள் ஊர்ப்பெயருக்கு எதிரே பேருந்து "உண்டு" என்று போட்டிருக்கிறது.

பொய் என்று சொல்ல மாட்டேன். வருவாய்த் துறைக் கணக்கில் கிராமம் ஒன்று, அதற்குள் குடியிருப்பு நான்கு. ஒன்று மெயின் ரோட்டின்மேலேயே இருக்கிறது. பஸ் அங்கே நிற்கும். நாங்கள் கண்மாய்க் கரையோடு மூன்று கிலோமீட்டர் உள்ளே. இறங்குவது விலக்கில். தெற்கத்திக்காரர்களுக்கு விலக்கு என்றால் விளங்கும், மெயின் ரோட்டிலிருந்து ஊர்ப்பாதை பிரிகிற இடம்: ஊர்ப்பெயர் போட்ட பலகை இருக்கும், ஒரு வேப்பமரம் இருக்கும், ஊர் மட்டும் இருக்காது. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை டவுன் பஸ் உள்ளே வரும். ட்ரிப் கட் ஆனால் அதுவும் கிடையாது. சொல்லிவிட்டுக் கட் ஆவதும் இல்லை.

மிளகாய் எடுக்கிற மாசியில் என் பெரியம்மா வத்தல் மூட்டையோடு பரமக்குடிக்குப் போவார். 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. பெரிய உபகாரம் அது. ஆனால் மூட்டையைச் சுமந்துகொண்டு மூன்று கிலோமீட்டர் நடக்க அவருக்கு முழங்கால் ஒத்துழைக்காது. ஆட்டோ பிடிக்க வேண்டும். "பஸ்ஸு சும்மாதான், பஸ்ஸுக்குப் போறதுக்குத்தான் காசு" என்பார். உங்கள் கட்டத்தில் இதற்கு இடமில்லை. 108ஐக் கூப்பிட்டால் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து ராத்திரி வீட்டுக்குத் திரும்புவதுதான் எங்கள் பாடு.

தலை எண்ணுவதிலும் ஒரு விஷயம். கணக்கெடுப்பு நடக்கிற நாட்கள் முழுக்க வெளியூரில் இருப்பவர் இருக்கிற இடத்தில்தான் எண்ணப்படுவார். விதி சரிதான். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் காலேஜுக்குத் தினம் போய்வர வண்டி இல்லை; பாதிப் பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், எங்கள் ஊர்க் கணக்கில் வரமாட்டார்கள். பிரதமர் கிராமச் சாலைத் திட்டமோ சமவெளியில் 500 பேராவது இருக்கிற குடியிருப்பைத்தான் பார்க்கிறது. இப்போதைய நான்காம் கட்டத்துக்கும் 2011 எண்தான் அளவுகோல். 2025இல் வந்த புதிய மினி பஸ் திட்டத்திலும் வண்டி விடப்போவது தனியார்தான், அவர்களும் தலையைத்தான் எண்ணுவார்கள். பஸ் இல்லாததால் ஆள் போனார்களா, ஆள் போனதால் பஸ் வரவில்லையா என்று டீக்கடையில் இன்னும் தீராத வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். "உண்டு" என்று எழுதுவதற்கு முன்னால் எந்தக் குடியிருப்புக்கு, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். படிவத்தில் இடமில்லை என்றால் ஓரத்திலாவது எழுதி மேலே அனுப்புங்கள். ஊர் மொத்தத்துக்கும் ஒரே வரி என்றால், விலக்குக்கு இருக்கிற வசதி எங்கள் கணக்கில் ஏறிவிடுகிறது.

அப்புறம், 2027 பிப்ரவரியில் தலை எண்ண வரும்போது பகலில் வராதீர்கள். எல்லோரும் மிளகாய்க் காட்டில் இருப்போம். சாயங்காலம் வாருங்கள். ஆறு மணி பஸ் போய்விட்டால் திரும்ப வண்டி இல்லை, எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்ளலாம். காலை ஏழரை பஸ் வந்தால் ஏற்றிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கண்மாய்க் கரைத் தெருக்காரன்