காவலுக்கு முன் சோறு வரட்டும்: எபோலா தடுப்புப் பணியை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

லைபீரியா, சியரா லியோன், கினி நாடுகளின் சுகாதார அமைச்சகங்களுக்கும் உடன் நிற்கும் உதவி நிறுவனங்களுக்கும் வணக்கம்.

எபோலா பரவாமல் தடுக்க, 2014 ஆகஸ்ட் 20 அன்று லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் என்ற குடிசைப் பகுதி அடைக்கப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். முள்கம்பியும் துப்பாக்கியும் முதலில் வந்தன. உணவு பின்னால்தான் வந்தது. பத்து நாளில் தடையை விலக்க வேண்டியதாயிற்று. அடுத்த பரவலுக்குத் திட்டம் எழுதும்போதாவது இந்த வரிசையை மாற்றுங்கள்.

நோயாளியோடு இருந்தவர்களுக்கு 21 நாள் தனிமை. சரி. ஆனால் அவர்கள் அன்றன்றைக்குச் சம்பாதித்து அன்றன்றைக்கு உலை வைப்பவர்கள். வீட்டில் குழாய் கிடையாது. அரிசி தீருமுன் தண்ணீர் தீர்கிறது. விடியுமுன் ஒருவர் குடத்தோடு பின்பக்கமாக இறங்கிப் பொதுக் கிணற்றுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அரிசி மூட்டை வந்து இறங்கினாலும், விறகோ கரியோ இல்லாமல் அதை என்ன செய்வது?

இதைவிடப் பெரிய கேடு வேறு. அதே வீட்டில் இன்னொருவர் நோயில் படுத்தால் 21 நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பசித்த குடும்பத்துக்கு அது இன்னொரு 21 நாள் பட்டினி. அதனால் தெர்மாமீட்டரோடு வரும் பணியாளரிடம் காய்ச்சலை மறைக்கிறார்கள். எபோலா, அறிகுறி தொடங்கிய பிறகே அடுத்தவருக்குத் தொற்றும். முதல் நாள் காய்ச்சலைப் பிடித்தால் சங்கிலி அறும். பசி அதை ஒளித்துவைக்கிறது.

ஆகவே கேட்கிறோம்: காவலர் வாசலில் நிற்குமுன் உணவும் தண்ணீரும் உள்ளே போகட்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, விறகு, கைக்குழந்தைக்கான உணவு எல்லாம் ஒரே நாளில். நோயாளியின் மெத்தையை எரித்தால் மாற்று மெத்தை அன்றைக்கே. கை கழுவ 0.05%, தரை துடைக்க 0.5% குளோரின் நீர். தனித்தனி வாளி, நாள்தோறும் புதுக் கலவை. நேற்றைய கலவைக்கு வீரியம் குறைந்திருக்கும்.

நிதி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எபோலாவுக்கு வந்த பணத்தில் பெருந்தொகைக்கு முறையான ஆவணம் இல்லை என்று 2015இல் சியரா லியோனின் தணிக்கைத் துறையே சொன்னது. அந்நாட்டின் கெனிமா நகரில் பிணம் புதைத்தவர்கள் ஆபத்துப்படிக்காக வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. அங்கே பள்ளிகள் 2015 ஏப்ரலில் மீண்டும் திறந்தபோது, கர்ப்பிணிச் சிறுமிகளை வாசலிலேயே நிறுத்தினீர்கள். 2020 வரை அந்தத் தடை நீடித்தது. நோயின் சுமையை எப்போதும் இல்லாதவர்களின் தலையிலேயே ஏற்றுகிறீர்கள்.

கோபம் மிஞ்சியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது ஒன்றே: வீட்டை அடைக்கும் உத்தரவில் கையெழுத்திடுமுன், உணவும் தண்ணீரும் அங்கே இறங்கிவிட்டனவா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இறங்கவில்லையென்றால் தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள்.