தமிழ்லயே சொல்லும்மா என்ற அண்ணாவுக்கு

இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற ஓப்பன் சோர்ஸ் (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய) மென்பொருளுக்கு நான் அனுப்பிய பேட்ச், அதாவது திருத்தம், நேற்று ராத்திரி மெர்ஜ் ஆகிவிட்டது, அதில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். மூன்று வரி மாற்றம், கூடவே அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் ஒரு டெஸ்ட். பெங்களூரு அல்சூர் விடுதி அறையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எத்தனை தடவை ரெஃப்ரெஷ் செய்தேனோ கணக்கில்லை. பிப்ரவரியிலிருந்து நான் பட்டதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. நன்றி சொல்லத்தான் வந்தேன்.

வாடகைக்கு இரண்டு மாதம் பொறுத்த விடுதி அக்கா, பழைய லேப்டாப்புக்கு ரேம் வாங்கிப் போட்ட கல்லூரித் தோழிகள், "வேலை கிடைச்சுதா" என்று ஒரு தடவைகூடக் கேட்காத அப்பா, முகம் தெரியாமலே நான் எழுதிய நிரலை வரி வரியாகப் படித்துத் திருத்தம் சொன்ன ரிவ்யூவர்கள், எல்லோருக்கும் நன்றி.

ஒருவரின் பெயர் மட்டும் எனக்குத் தெரியாது. இந்திராநகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓப்பன் சோர்ஸ் பழக வந்தவர்கள் கூடியிருந்தோம். புதியவர்களுக்கு எளிது என்ற பொருளில் 'ஈஸி பிக்கிங்ஸ்' என்று குறித்திருந்த ஜாங்கோ டிக்கெட் (பிழைப் புகார்) ஒன்றை எடுத்து நான் இரண்டு வாரமாக முட்டிக்கொண்டிருந்தேன். என்ன செய்தாய் என்று எழுந்து சொல்லச் சொன்னார்கள். தமிழ் மீடியத்தில் படித்தவள், இங்கிலீஷில் இரண்டாவது வாக்கியம் வரவில்லை. தொண்டை அடைத்து நின்றபோது பக்கத்து நாற்காலி அண்ணா மெதுவாக, "தமிழ்லயே சொல்லும்மா, அவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

சொன்னேன். ஃபார்மில் நிரப்பியது முதலில் அதைப் பைத்தான் மொழியின் மதிப்பாக மாற்றும் டூ பைத்தானுக்குப் போகிறது, பிறகு சரிபார்க்கிற வேலிடேட், அதன்பின் வேலிடேட்டர்கள், இதில் எங்கே கெடுகிறது, நான் எங்கே கை வைத்தேன் என்று. அவர் குறுக்கே பேசவே இல்லை. கடைசியில், "உன் மாத்தத்தை எடுத்துட்டு டெஸ்ட்டை ஓட்டிப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். ஓட்டினேன். பாஸ் ஆனது! பக் (பிழை) இருக்கும்போதும் பாஸ் ஆகிற டெஸ்ட்டை வைத்து என்ன செய்வது? திருத்தம் இல்லாதபோது விழ வேண்டும், இருக்கும்போது நிற்க வேண்டும். ஜாங்கோ ஆவணத்தில் படித்ததுதான், அன்றுதான் உறைத்தது. மறுபடி எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவர் கிளம்பிவிட்டிருந்தார்.

அமெரிக்காவின் கான்சஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் 2003இல் தங்கள் அவசரத்துக்கு எழுதிக்கொண்ட ஜாங்கோவை 2005இல் பொதுவில் வைத்தார்கள். அன்றிலிருந்து எத்தனையோ பேர் டெஸ்ட் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டெஸ்ட்டுகளை ஓட்டும்போது, பாஸ் ஆகிற ஒவ்வொன்றுக்கும் ஒன்றாகத் திரையில் வரிசையாக வருகிற புள்ளிகளை முன்பெல்லாம் எப்போது முடியும் என்றுதான் பார்ப்பேன். ஒவ்வொரு புள்ளியும் பின்னால் வருகிறவளுக்காக யாரோ செய்துவைத்த வேலை என்று இப்போது தெரிகிறது. அதில் இன்று ஒன்று என்னுடையது.

அண்ணா, இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு ஞாயிறு வாருங்கள். உங்கள் நாற்காலியில் இனி நான் உட்கார்ந்திருப்பேன். இங்கிலீஷ் வராமல் எழுந்து நிற்கிற தம்பி தங்கைகள் என்னிடம் தமிழில் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கிறேன்.